சின்னவளின் கட்டைவிரல்

என் ஓரகத்திக்குக் கை வலி வந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கை இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். என் கொழுந்தனின் மனைவி. நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கிறாள். நான் பெரியவள். சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிவதை மறைத்துக்கொண்டு சிரிக்கிற வித்தை எனக்கு வராது. "உன் முகத்துல எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒட்டியிருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மற்ற பெண்கள் பெட்டி படுக்கையோடு வருவார்கள். இவள் பியானோவோடு வந்தாள். அதை உள்ளே கொண்டுவர வாசல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. முன்னறையில் சன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் என் தேய்ப்பு மேசை இருந்தது. அதை நடைக்குத் தள்ளிவிட்டுப் பியானோவை அங்கே வைத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றைக்கும் இருட்டு நடையில் நின்றுதான் வீட்டுத் துணி தேய்க்கிறேன்.

அவளுக்குப் பியானோ வந்த கதையே வேடிக்கை. அவளுடைய அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஒரு டீச்சரை வைத்தார்களாம். டீச்சர் வரும் நேரம் பார்த்து அந்த அக்கா எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வாள். வந்தவர் சும்மா திரும்பிப் போகக் கூடாதே என்று இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நடனப் பள்ளிக்குப் போனதும் அதே மாதிரிதான். அங்கே வாசித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் மாற்றாள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனாள். அந்த அம்மா குணமாகி வந்து பார்த்தபோது, குழந்தைகள் எல்லாம் புதுப் பியானோ மிஸ்தான் வேண்டும் என்றார்களாம். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனதை இவள் பியானோவுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். இதை அவளே ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

அவள் வேலை செய்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பள்ளியின் ஆட்ட உடைகளை எங்கள் சலவை நிலையத்தில்தான் தேய்ப்போம். ஒரு முறை கொண்டுபோய்க் கொடுக்க நான் போனேன். குளுகுளு அறையில் உட்கார்ந்து டொய்ங் டொய்ங் என்று தட்டுகிற வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பியானோ மூலையில், சுவரைப் பார்த்து நிற்கிறது. ஆட்டம் நடப்பது அவள் முதுகுக்குப் பின்னால். அதனால் கையை முன்னால் வைத்துக்கொண்டு, கழுத்தை இடது தோளுக்கு மேல் திருப்பியபடியே வாசிக்கிறாள். நடன டீச்சர் கை தட்டினால் பாட்டு பாதியில் நிற்க வேண்டும். "மறுபடியும்!" என்றால் சரியாக அந்த இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். ஒரு பிள்ளை கால் மாற்றி வைத்தால் மறுபடியும். இன்னொன்று சிரித்தால் மறுபடியும். ஈரத்தில் ஊறிய பழைய பியானோ, கட்டை அழுத்தினால் அழுந்தாது. இத்தனை கால்கள் தொம் தொம் என்று குதிக்கும் சத்தத்துக்கு மேல் அது கேட்க வேண்டும். "சத்தம் பத்தலை மிஸ்!" என்று வேறு ஒரு அதட்டல்.

அவள் கையோ சின்னக் கை. பாட்டில் பாதி இடத்தில் கட்டைவிரல் ஒரு கட்டையிலும் சுண்டுவிரல் எட்டாவது கட்டையிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். நீளமான விரல்காரர்களுக்கு அது ஒன்றுமில்லை. இவள் கை கிழிகிற மாதிரி விரியும்.

கிழியவும்தான் செய்தது. முதலில் குழாயைத் திருக முடியவில்லை என்றாள். பிறகு டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. டம்ளர் உடைந்த சத்தத்துக்கு வீடே ஓடி வந்தது. நான் சலவை நிலையத்தில் ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டு வந்தபோது, "பாத்து வேலை செய்யக் கூடாதா?" என்றார்கள். இவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். கொழுந்தன் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறான். என் வீட்டுக்காரர், எனக்கு ஒரு நாளும் தண்ணீர் மொண்டு கொடுக்காத மனுஷன், அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்.

ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான்தான் போனேன். டாக்டரம்மா அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மற்ற விரல்களால் மூடச் சொல்லி, அந்த முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக லேசாகச் சாய்த்தார். சின்னவள் "அம்மா!" என்று அலறிய அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இது நரம்பு இல்லம்மா. கட்டைவிரலை இழுக்கிற தசைநாண், மணிக்கட்டுல ஒரு உறைக்குள்ள ஓடுது. அந்த உறை வீங்கியிருக்கு. விரலை விரிக்கும்போதெல்லாம் உரசுது. ஆற ஒரே வழி, சும்மா விடறதுதான். பியானோவைத் தொடவே கூடாது. வீட்லயும் பிழியறது, திருகறது, தூக்கறது ஒண்ணும் வேணாம். இல்லைன்னா ஊசி, அதுக்கப்புறம் கத்திதான். பழையபடி வாசிக்கிற கையாவே திரும்பி வரும்னு அப்போ நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

முன்கையிலிருந்து கட்டைவிரல் நுனிவரை ஒரு பட்டை போட்டு அனுப்பினார்கள். பள்ளிக்கு நீண்ட விடுமுறை வர இருந்தது. அதுவரைக்கும் மாற்றாளாக ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். சின்னவள் பள்ளித் தலைவியிடம் லீவு சொல்லப் போய்விட்டு வந்து, "அவன் விரல் இவ்ளோ நீளம்க்கா" என்று காட்டினாள். தலைவி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாராம். விடுமுறை முடிந்ததும் பரீட்சை ஆட்டங்கள் ஆரம்பம். அன்றைக்கு அவள் வந்து உட்கார்ந்தால் இடம் அவளுடையது. இல்லாவிட்டால் பையனுடையது.

அவள் பங்குப் பாத்திரமும் அவள் பங்குத் துணியும் என் தலையில் விழுந்தன. இதில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் பியானோ மூடியின் சாவி. ஆசையில் தானே திறந்துவிடுவோமோ என்று பயந்து அவளே பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். அதை என் இடுப்புச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டேன். நடக்கும்போது கலகலவென்று கேட்கும்படியாகவே நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மணிக்கட்டு வலிக்கும். நாள் முழுக்க சூட்டுப் பெட்டியைப் பிடிக்கிற கை வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவளுக்கு வந்தால் அது காயம், எனக்கு வந்தால் அது வேலை. ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்தப் பட்டையை எடுத்து என் கையில் மாட்டிப் பார்த்தேன். என்ன சுகம்! யாரோ கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எரிச்சலில் கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மகள் குட்டிதான் என்னை நிஜமாக எரித்தாள். குட்டிக்கு ஐந்து வயது. மத்தியானம் பள்ளிவிட்டு வரும்போது நான் சலவை நிலையத்தில் இருப்பேன். சின்னவளுக்கு வகுப்பு சாயங்காலம்தான். அதனால் சாப்பாடு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் சித்திதான். லீவு நாளில் நான் பக்கத்தில் படுத்தால், "நீ வேணாம், சித்திகிட்டதான் தூங்குவேன்" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடும். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இருப்பது ஒன்று. சன்னல் போனது, வெளிச்சம் போனது, பெற்றதையும் பங்கு போட்டால் நான் எங்கே போவேன்?

மறுபரிசோதனைக்குப் போனோம். கொழுந்தனும் கூட வந்திருந்தான். டாக்டரம்மா பழையபடி முஷ்டியைச் சாய்த்தார். பழையபடி அலறல். வீக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

"இந்தக் கை ஓய்வே எடுக்கலை. வீட்ல யாரோ வேலை வாங்குறீங்க."

'யாரோ' என்றபோது டாக்டரம்மாவின் கண் என் மேல் இருந்தது. கொழுந்தன் கண்ணும் வந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும்தான் ஆரம்பித்தான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நான் கடைக்குப் போனப்புறம் இவளைத் துணி கிணி பிழியச் சொன்னீங்களா?"

"நானா? இவ குடிச்ச டம்ளரைக்கூட நான்தான்டா கழுவுறேன்!"

"இல்ல, அந்தச் சாவியை... இவ கேட்டான்னு குடுத்தீங்களோ?"

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அது கொழுந்தன் கேள்வியைவிட மோசம். சின்னவள் மட்டும், "அக்கா ஒண்ணுமே செய்யச் சொல்லலை. பாவம், அவங்கதான் எல்லாம் செய்றாங்க" என்றாள். இதுதான் இவளிடம் எனக்குப் பிடிக்காதது. முழுசாகக் கெட்டவளாகவும் இருந்து தொலைக்க மாட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பழி என் மேல் நிற்கக் கூடாது. இவள் கை எங்கே வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தே தீருவேன். முதலாளியிடம் சொல்லி விடிகாலை வேலைக்கு மாறிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்ப ஆரம்பித்தேன். வேவு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பியானோ பூட்டினது பூட்டினபடி. குழாயைக்கூட இடது கையால்தான் திருகினாள். மருந்து, ஐஸ், பட்டை, எல்லாம் வேளை தவறாமல்.

பிறகு ஒரு மத்தியானம், குட்டி தூங்கியாயிற்றா என்று பார்க்க அவள் அறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. குட்டி குப்புறப் படுத்திருந்தது. சின்னவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிறாள், இதில் என்ன இருக்கிறது என்று திரும்பப் போனேன். அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன்.

கழுத்து இடது தோளுக்கு மேல் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு துணி அலமாரியைத் தவிர ஒன்றும் இல்லை. அலமாரியை எதற்கு இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாள்? உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டை கழற்றித் தலையணை மேல் கிடந்தது. வலது கைக் கட்டைவிரல் குட்டியின் ஒரு தோள்பட்டையில், சுண்டுவிரல் மறு தோள்பட்டையில். இடது கை இடுப்புப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. விரல்கள் விரிகின்றன, மடங்குகின்றன, தாவுகின்றன. உதடு சத்தமில்லாமல் தாளம் எண்ணுகிறது.

கண்ணை மூடியபடியே குட்டி முனகியது. "சித்தி, அந்த இடம் மறுபடியும் வரணும்."

"அட ஆமா கண்ணு, விட்டுட்டேன்" என்று சின்னவள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வாசித்தாள்.

"அடிப்பாவி!" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "என்னக்கா?"

"என்னடி பண்றே?"

"குட்டியைத் தட்டிக்குடுக்கிறேன்."

"இது தட்டிக்குடுக்கறதா? உன் பள்ளிக்கூடத்துப் பாட்டு மொத்தமும் என் பொண்ணு முதுகுல ஓடுது!"

"பியானோவை நான் தொடவே இல்லைக்கா. சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தொடாதே என்று டாக்டர் சொன்னதைப் பியானோ, மூடி, சாவி என்றே புரிந்துகொண்டிருக்கிறாள். சத்தம் வராததை வாசிப்பு என்று நினைக்கவே அவளுக்குத் தோன்றவில்லை. குட்டிதான் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தது.

"பரீட்சைப் பாட்டு எல்லாம் வரும்மா. மொதல்ல குதிக்கிற பாட்டு, அப்புறம் சுத்துற பாட்டு. நான் தூங்கிட்டாலும் சித்தி முழுசா முடிச்சிடுவாங்களாம்."

சின்னவள் தன் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"விரல் மறந்துடும்னு பயமா இருந்துச்சுக்கா. அந்தப் பையன் என் இடத்துல உக்காந்திருக்கான். நானும் அப்படித்தானே போய் உக்காந்தேன்? அந்தம்மா திரும்பி வந்தப்போ நான் எழுந்திரிக்கலையே."

அழுதாள். அவள் தலையைத் தடவக் கை நீட்டினேன். ஆனால் கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும், சீக்கிரம் வந்து உதவும். "அழுது முடிச்சிட்டுப் பட்டையைப் போடு" என்று சொல்லிவிட்டு, குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கொழுந்தன் முகம் தொங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றான்.

"காதுல சரியா விழலை. மறுபடியும்."

"மன்னிச்சுக்குங்க அண்ணி!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரிடமும் ஒரு வார்த்தை வாங்கியிருக்கலாம். போகட்டும் என்று விட்டேன். இனி குட்டி மத்தியானம் என்னிடம்தான் படுக்கும் என்று தீர்ப்பும் சொன்னேன். பொறாமையில் பிள்ளையைப் பிரித்துவிட்டாள் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். சாட்சாத் டாக்டர் சொன்ன ஓய்வு! அவள் கை பிழைக்க வேண்டும், என் பிள்ளை என்னிடம் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து என்றால் எனக்கு அடித்தது யோகம்தானே?

யோகம் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரைக்கும்தான். குட்டியைப் பக்கத்தில் போட்டுத் தட்டினேன். நெளிந்தது. இன்னும் மெதுவாகத் தட்டினேன்.

"நீ துணி தேய்க்கிற மாதிரியே தட்டுறேம்மா."

"பின்ன எப்படித் தட்டணும்?"

"உன் கையில பாட்டே இல்லை."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ஐந்து வயசுப் பிள்ளை முன்னால் அழ எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் பல மத்தியானங்கள் அது தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், நானும் கிடப்பேன். அடுத்த அறையில் சின்னவள் இரண்டு கையையும் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டு படுத்திருப்பாள். சொருகாவிட்டால் தானாக ஓடுகிறது என்றாள்.

கை ஆறியது. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா முஷ்டியைச் சாய்த்தபோது அவள் பல்லைக் கடித்தாள், அலறவில்லை. அதற்கடுத்த முறை பல்லைக்கூடக் கடிக்கவில்லை. வாசிக்கலாம், ஆனால் பள்ளி வகுப்போடு சரி. நடுநடுவே நிறுத்த வேண்டும். ஆசனத்தை உயர்த்த வேண்டும். பியானோவைத் திருப்பிப் போட வேண்டும். வீட்டில் விரலுக்கு எந்த வேலையும் கூடாது. "முதுகும் சேர்த்துதான்" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். டாக்டரம்மா சிரித்தார். இவளோ உடனே, "அக்கா கையையும் பாருங்க டாக்டர், தினம் வலியோடதான் வேலைக்குப் போறாங்க" என்றாள். நான் சொல்லாதது இவளுக்கு எப்படித் தெரியும்? பார்த்தார். அதே உறை, அதே வீக்கம், கொஞ்சம் கம்மி. எனக்கு வந்ததற்கும் ஒரு பெயர் இருந்தது.

"என் பட்டையையே போட்டுக்குங்கக்கா. எனக்கு இனிமே வேணாமே."

இதிலும் அவள் போட்டுக் கழித்ததுதான் எனக்கு. போட்டுக்கொண்டேன்.

விடுமுறை முடிந்த அன்றைக்குச் சின்னவள் பள்ளிக்குப் போனாள். பையனை அனுப்பிவிடவில்லை. அவளே கேட்டு, பாதி வகுப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். "முழுசா வாசிச்சா கை தாங்காதுக்கா. அதோட, அவனும் கைப்பையை எடுத்துக்கிட்டுப் போறதை நான் பாக்க வேணாம்" என்றாள். மகராசி. அதிலும் நல்ல பெயர் அவளுக்கே.

நேற்று வேலை முடிந்து வந்து, முதுகு விட்டுப்போகிற வலியில் பட்டைக் கையோடு குப்புற விழுந்தேன். குட்டி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது. சின்ன விரல்கள் என் முதுகில் இறங்கின. முதலில் சும்மா தட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, வலது கை மேலே, இடது கை இடுப்பில். குதிக்கிற பாட்டு. சரியான இடத்துக்கு வந்ததும் நின்று, மறுபடியும் அதையே வாசித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முதுகை இப்படி யாரும் தொட்டதில்லை. சன்னலையும் வெளிச்சத்தையும் எல்லாவற்றையும் அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன்.

"யாருக்குடி கண்ணு இந்தப் பாட்டு?"

"சித்திக்கு. அவங்க கை இனிமே தட்டக் கூடாதுல்ல? நான் அவங்க முதுகுல வாசிக்கப் போறேன். தப்பு வரக் கூடாதுன்னு உன்கிட்ட பழகிக்கிறேன்."

சுருக்கென்றது. எழுந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று தோளை அசைத்தேன். விரல்கள் நின்றுவிட்டன.

"ஆடாதேம்மா."

"சரி, ஆடலை. கட்டைவிரலை ரொம்ப விரிக்காதே, வலிக்கும்" என்றேன். "சுத்துற பாட்டையும் வாசி. மறுபடியும் வர்ற இடத்தை விட்டுடாதே."

ஆடாமல் கிடந்தேன்.